சூப்பர்ஹீரோ படங்களில் பாத்திர வளர்ச்சியும் பிரமாண்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘சண்டை சூப்பர், கதைதான் இல்லை.’ ‘நடிப்பெல்லாம் பிரமாதம், ஆனா படம் நகரவே மாட்டேங்குது.’ ஒரு சூப்பர்ஹீரோ படம் வெளியாகிற வாரத்தில் இந்த இரண்டு பேச்சுகளும் காதில் விழாமல் இருக்காது. எதைப் பார்த்து இப்படித் தீர்ப்புச் சொல்வது, இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று கேட்பவர்களுக்கான பக்கம் இது. உதாரணங்களில் பல படங்களின் முடிவு உடைக்கப்பட்டிருக்கிறது. பார்க்காதவர்கள் எச்சரிக்கையாக இருக்கவும்.

பாத்திர வளர்ச்சி என்று எதைக் கணக்கில் எடுப்பது?

படம் தொடங்கும்போது அந்த ஆள் எடுத்திருக்கவே மாட்டாத ஒரு முடிவைப் பிற்பாடு எடுக்கிறாரா? அதற்கு ஏதாவது விலை கொடுக்கிறாரா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் வளர்ச்சி இருக்கிறது. இறந்துபோன பெற்றோர், சோகமான ஃபிளாஷ்பேக், மழையில் நனையும் குளோசப் எல்லாம் பின்னணித் தகவல்கள். அவை வளர்ச்சிக்குக் காரணமாகலாம், வளர்ச்சி ஆகிவிடாது.

2008இல் வந்த ‘அயர்ன் மேன்’ படத்தில் ஆயுத வியாபாரி டோனி ஸ்டார்க், தன் கம்பெனி ஆயுதங்கள் தன்னைக் கடத்தியவர்கள் கையிலேயே இருப்பதைப் பார்க்கிறார். தப்பி வந்ததும் பத்திரிகையாளர்கள் முன் தரையில் உட்கார்ந்து பர்கரைக் கடித்துவிட்டு, எழுந்து நின்று ஆயுத உற்பத்தியை நிறுத்துவதாக அறிவிக்கிறார். குண்டு வெடிக்காத, யாரும் பறக்காத அந்தக் காட்சிதான் படத்தின் பெரிய திருப்பம். அதற்காக அவருடைய தற்பெருமை போய்விடவில்லை. கடைசிக் காட்சியில் நான்தான் அயர்ன் மேன் என்று போட்டு உடைப்பதும் அதே தற்பெருமைதான். ஒரு ஆளின் எல்லாக் குணமும் மாற வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஒன்று மாறினால் போதும்.

பிரமாண்டம் என்றால் கிராபிக்ஸ்தானே?

கிராபிக்ஸ் அதில் ஒரு பங்கு. ஸ்டண்ட், செட், உடை, இசை, ஒலி, பெரிய திரைக்கென்றே எடுக்கப்பட்ட ஷாட் எல்லாம் பிரமாண்டத்தில் சேரும். ‘தி டார்க் நைட்’ (2008) படத்தில் நடுரோட்டில் தலைகுப்புறக் கவிழும் லாரியை, சிகாகோவில் லசால் தெருவில் நிஜமாகவே கவிழ்த்து எடுத்தார்கள். ‘பிளாக் பேந்தர்’ (2018) வாங்கிய மூன்று ஆஸ்கர்களும் உடை வடிவமைப்பு, தயாரிப்பு வடிவமைப்பு, பின்னணி இசை ஆகியவற்றுக்கு. அதன் பிரமாண்டம் எங்கே இருக்கிறது என்று அந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது.

இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரியா? ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையுமா?

படத்தின் நேரமும் பணமும் அளவானவை என்ற வகையில் போட்டி உண்டு. நல்ல படங்களில் இரண்டும் ஒரே காட்சிக்குள் நடந்துவிடுகின்றன.

‘ஸ்பைடர்மேன் 2’ (2004) படத்தின் ரயில் காட்சியை எடுத்துக்கொள்வோம். டாக்டர் ஆக்டோபஸ் வேகக் கட்டுப்பாட்டை உடைத்துவிட்டுப் போய்விடுகிறான். தண்டவாளம் பாதியில் முடிகிறது, ரயில் நிற்காமல் ஓடுகிறது. பீட்டர் முதலில் காலை ஊன்றி நிறுத்தப் பார்க்கிறான், கட்டைகள்தான் சிதறுகின்றன. இரண்டு பக்கமும் வலை வீசுகிறான். வலை ஒட்டிய இடம் பெயர்ந்து கையோடு வந்துவிடுகிறது. பிறகு இரண்டு கைகளாலும் கொத்துக் கொத்தாக வலை வீசி, ரயிலின் முகப்பில் முதுகைக் கொடுத்து நிற்கிறான். அப்போது முகமூடி இல்லை. வலியில் கோணும் முகம் தெரிகிறது, உடை நெஞ்சில் கிழிகிறது. ரயில் விளிம்பில் நின்றதும் மயங்கி முன்னால் சாய்கிறவனை உள்ளேயிருந்து நீளும் கைகள் பிடித்து இழுக்கின்றன. பயணிகள் அவனைத் தலைக்கு மேல் தூக்கிக் கைமாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். ஒருவர் குனிந்து பார்த்து, தன் மகன் வயதுதான் இருக்கும் என்கிறார்.

முன்பாதி முழுக்க இந்தப் பையனுக்கு வேலை போகிறது, படிப்பு கெடுகிறது, காதலும் கைவிட்டுப் போகிறது. வெறுத்துப்போய் உடையைக் குப்பையில் போடுகிறான். அந்த வேலையை மறுபடி கையில் எடுத்ததற்கு என்ன விலை என்பதை வசனமே இல்லாமல் இந்த ரயில் சொல்கிறது. அந்த ஆண்டின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கரும் இந்தப் படத்துக்குத்தான். இதில் பிரமாண்டத்தைத் தனியே, பாத்திரத்தைத் தனியே பிரித்து எடுங்கள் பார்ப்போம்.

ஒரு படத்தை எப்படி அளந்து பார்ப்பது?

இரண்டு முறை பார்க்க வேண்டும். முதல் முறை எந்த வேலையும் வைத்துக்கொள்ளாமல் பாருங்கள். இரண்டாம் முறை ஒவ்வொரு பெரிய சண்டைக்கும் முன்னால் நிறுத்தி, ஹீரோவுக்கு இப்போது என்ன வேண்டும், எதை நம்புகிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். சண்டை முடிந்ததும் மூன்றைக் குறியுங்கள்: உள்ளே அவர் எடுத்த முடிவு, அதனால் இழந்தது, அவரைப் பற்றி நமக்குப் புதிதாகத் தெரிந்தது. மூன்று இடமும் காலி என்றால் அந்தச் சண்டை கண்ணுக்கு மட்டும்தான்.

அடுத்தது ஆள்மாற்றுச் சோதனை. அதே பலமுள்ள வேறொரு ஹீரோவை அந்தச் சண்டைக்குள் வைத்துப் பாருங்கள். காட்சி அப்படியே நடக்கும் என்றால், அதில் பாத்திரத்துக்கு வேலையில்லை. எங்களைக் கேட்டால் மற்ற எல்லா அளவுகோலையும்விட இதுதான் நம்பகமானது. கடைசியாக ஒலியை அணைத்துவிட்டு அந்தக் காட்சியை மட்டும் ஓடவிடுங்கள். யாருக்கு எது முக்கியம் என்று அப்போதும் புரிந்தால், இயக்குநர் தன் வேலையைச் செய்திருக்கிறார்.

‘கேப்டன் அமெரிக்கா: சிவில் வார்’ (2016) படத்தில் இதைச் செய்து பார்க்கலாம், ஏனென்றால் ஒரே படத்துக்குள் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. விமான நிலையத்தில் பக்கத்துக்கு ஆறு பேராகப் பன்னிரண்டு ஹீரோக்கள் மோதுகிறார்கள். ஆன்ட்மேன் ராட்சத உருவம் எடுப்பது, ஸ்பைடர்மேன் வலையால் அவன் காலைச் சுற்றுவது என்று விசில் அடிக்க நிறைய இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒருவரையொருவர் கொல்ல விரும்பவில்லை. அடித்துக்கொண்டே கிண்டலும் செய்கிறார்கள். முடிவு என்று எழுத, பிளாக் விடோ அணி மாறி கேப்டனைத் தப்பவிடுவது இருக்கிறது. விலை என்று எழுத, டோனியின் நண்பர் ரோட்ஸ் விழுந்து கால்கள் செயலிழப்பது இருக்கிறது. மிச்சம் பெரும்பகுதி திருவிழா.

சைபீரியாவில் நடக்கும் கடைசிச் சண்டையில் மூன்றே பேர். 1991 டிசம்பர் 16 அன்று பதிவான வீடியோவில் தன் பெற்றோரை, கேப்டன் அமெரிக்காவான ஸ்டீவின் பழைய நண்பன் பக்கி கொன்றதை டோனி பார்க்கிறார். இது உனக்குத் தெரியுமா என்று ஸ்டீவிடம் கேட்கிறார். ஸ்டீவ் முதலில் மழுப்புகிறார்; மறுபடி கேட்டதும் தெரியும் என்கிறார். அதற்கப்புறம் விழும் ஒவ்வொரு அடிக்கும் காரணம் இருக்கிறது. டோனி இடத்தில் தோரை நிறுத்தினால் காட்சியே கிடையாது. முடிவில் ஸ்டீவ் தன் கேடயத்தைக் கீழே போட்டுவிட்டு நடக்கிறார். படம் முடிந்து வெளியே வருகிறவர் பேசுவது விமான நிலையத்தைப் பற்றித்தான்; நாலு வருடம் கழித்து நினைவிருப்பது இந்த அறை.

எத்தனை நிமிடம் சண்டை, எத்தனை நிமிடம் பேச்சு என்று எண்ணினால் போதாதா?

போதாது. பத்து நிமிடம் உட்கார்ந்து பேசியும் யாரும் மாறாத காட்சிகள் உண்டு. ‘சூப்பர்மேன்’ (1978) படத்தில் லோயிஸ் அடுத்த அறைக்குப் போன நேரத்தில் கிறிஸ்டோபர் ரீவ் கண்ணாடியைக் கழற்றி, கூன் முதுகை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, தான்தான் சூப்பர்மேன் என்ற உண்மையைச் சொல்லத் தயாராகிறார். அவள் திரும்பியதும் தோள் தொங்கி, பழைய தடுமாற்றக்காரனாகிவிடுகிறார். சில விநாடிதான், ஒரு எஃபெக்ட்கூட இல்லை. ஆனால் இரண்டு ஆட்களையும் ஒரே உடம்பில் பார்த்துவிடுகிறோம்.

ஒரே கதையை இரண்டு விதமாக எடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியுமா?

அப்படி ஒரு வாய்ப்பு நிஜமாகவே அமைந்தது. ‘ஜஸ்டிஸ் லீக்’ 2017இல் 120 நிமிடப் படமாகத் திரையரங்குக்கு வந்தது. அதே கதையின் ஸாக் ஸ்னைடர் வடிவம் 2021இல் 242 நிமிடங்களுக்கு வெளியானது. வில்லன், ஒன்றுசேர்ந்தால் உலகையே அழிக்கும் மூன்று பெட்டிகள், கடைசிச் சண்டை நடக்கும் இடம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டிலும் பாதி இயந்திரமான ஹீரோ சைபார்க்கை மட்டும் பின்தொடருங்கள்.

குறுகிய வடிவத்தில் அவன் பெட்டியைப் பிரிக்கத் தெரிந்த டெக்னீஷியன். நீண்ட வடிவத்தில் கல்லூரி ஃபுட்பால் வீரனாக வாழ்ந்தது, விபத்து, தாயின் மரணம், தன்னை இயந்திரமாக்கிய தந்தைமீது அவனுக்குள்ள கோபம் எல்லாம் வருகின்றன. எதிரிகள் பெட்டியைக் கொண்டுபோனாலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்று தந்தை சைலஸ் அதைக் கொதிக்கச் சூடேற்றி, அந்த வெப்பத்திலேயே மகன் கண்முன் இறக்கிறார். குறுகிய வடிவத்தில் அவர் பிழைத்துக்கொள்கிறார். கடைசியில் பெட்டிகள் சைபார்க்குக்குப் பழைய உடம்பையும் குடும்பத்தையும் காட்டி ஆசை காட்டுகின்றன. அவன் மறுத்துவிட்டுப் பெட்டிகளைப் பிரிக்கிறான். செயல் இரண்டு வடிவத்திலும் ஒன்றே. ஒன்றில் அது இயந்திர வேலை, இன்னொன்றில் ஒரு மகன் எடுக்கும் முடிவு.

நீளம் இருந்தால் பாத்திரம் தானாக வந்துவிடும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த 242 நிமிடங்களில் வெட்டியிருக்க வேண்டிய ஸ்லோமோஷனும் தாராளமாக இருக்கிறது.

பல படங்களில் கிளைமாக்ஸ் மட்டும் வேறு யாரோ எடுத்தது போல இருக்கிறதே, ஏன்?

காரணம் பெரும்பாலும் வேலை நடக்கும் வரிசை. பெரிய சண்டைகளுக்கு ப்ரீவிஸ் என்ற தோராய அனிமேஷனைப் படப்பிடிப்புக்குப் பல மாதங்கள் முன்பே செய்துவிடுகிறார்கள். எந்த ஷாட்டில் கேமரா எங்கே, எது செட், எது கிராபிக்ஸ் என்பதெல்லாம் அப்போதே முடிவாகிறது. எஃபெக்ட்ஸ் நிறுவனங்களுக்கு அவகாசம் தர வேறு வழியும் இல்லை. அதற்குப் பிறகு திரைக்கதை மாறினால் வசனக் காட்சிகளை மாற்றலாம். சண்டையை மாற்றுவது செலவு. ஆகவே பாத்திரம் ஒரு பக்கம் வளர்ந்துவிட, கிளைமாக்ஸ் பழைய பாத்திரத்துக்காகவே காத்துக்கொண்டிருக்கும்.

இயக்குநர் யார் என்பதும் இதில் சேர்கிறது. ‘பிளாக் விடோ’ படத்துக்காகத் தன்னிடம் பேசிய மார்வெல் தரப்பு, சண்டைக்காட்சிகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்னதாக அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்டெல் 2018இல் வெளிப்படையாகவே கூறினார். சண்டை ஒருவர் கையிலும் மனிதர்கள் இன்னொருவர் கையிலும் இருந்தால் தையல் தெரியத்தான் செய்யும்.

‘பிளாக் பேந்தர்’ கிளைமாக்ஸ் இதற்கு நல்ல பாடம். சுரங்கப் பாதையில் இரண்டு கறுப்பு உடைகள் உருண்டு புரளும் பகுதியில் எடையும் இல்லை, முகமும் இல்லை. எது யார் என்பதே குழப்பம். சண்டை முடிந்து வில்லன் கில்மாங்கர் சூரிய அஸ்தமனத்தைப் பார்க்கும் இடம் படத்தின் உச்சம். காப்பாற்றுகிறேன் என்கிற ஹீரோ டிசாலாவிடம், கைதியாக வாழ்வதைவிடக் கடலில் குதித்த முன்னோர்களோடு சேர்வதே மேல் என்கிறான். அடுத்தடுத்து வரும் இந்த இரண்டு துண்டுகளையும் யார் வேண்டுமானாலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஹீரோ மாறவே இல்லை என்றால் படம் தோல்வியா?

இல்லை. சிலர் மாறாமல் இருப்பதுதான் கதை, சுற்றியிருப்பவர்கள் மாறுவார்கள். ‘கேப்டன் அமெரிக்கா: தி ஃபர்ஸ்ட் அவெஞ்சர்’ (2011) படத்தில் ஊசி போடுவதற்கு முன்பே, நோஞ்சானாக இருக்கும்போதே ஸ்டீவ் போலிக் கையெறி குண்டின்மேல் பாய்ந்து படுத்துக்கொள்கிறான். குணம் முதலிலிருந்தே அதுதான். பிறகு கிடைப்பது உடம்பு மட்டும். ‘வொண்டர் வுமன்’ (2017) டயானாவும் பதுங்குகுழியிலிருந்து ஏறி எதிரி துப்பாக்கிகளை நோக்கித் தனியாக நடக்கும்போது மாறுவதில்லை. பின்னாலேயே ஏறி வருகிற சிப்பாய்கள்தான் மாறுகிறார்கள். இப்படிப்பட்ட படத்தில் ஹீரோவை விட்டுவிட்டு மற்றவர்களின் முடிவுகளைக் குறியுங்கள்.

பத்து ஹீரோக்கள் இருக்கும் படத்தில் எல்லோருக்கும் வளர்ச்சி தர முடியுமா?

முடியாது. ‘எட்டர்னல்ஸ்’ (2021) இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடியும் புதிதாக அறிமுகமாகும் பத்துப் பேரில் பாதிப் பேர் சக்தியும் பெயருமாகவே நின்றுவிடுகிறார்கள். ‘இன்ஃபினிட்டி வார்’ (2018) இன்னும் பெரிய கூட்டத்தை வைத்துக்கொண்டு தந்திரமாகத் தப்பித்தது. ஹீரோக்களை ஏற்கெனவே நமக்குத் தெரியும் என்பதால், தேடலையும் தடைகளையும் தியாகத்தையும் வில்லன் தானோஸிடம் கொடுத்துவிட்டார்கள். தான் தேடும் கல்லுக்காக அவன் வளர்ப்பு மகள் கமோராவைப் பலி கொடுப்பதுதான் நடு முடிச்சு. டைட்டில்கள் முடிந்ததும் ‘தானோஸ் மீண்டும் வருவான்’ என்று போட்டது, கதை யாருடையது என்பதற்கான ஒப்புதல்.

அப்படியானால் வில்லனுக்கும் வளர்ச்சி தேவையா?

தேவை என்று விதியில்லை. இருந்தால் சண்டைக்கு எடை கூடும். மலையாள ‘மின்னல் முரளி’ (2021) இதை அழகாகச் செய்தது. ஒரே இரவில் இருவர்மீது மின்னல் பாய்கிறது, இருவருக்கும் சக்தி கிடைக்கிறது. குரு சோமசுந்தரம் நடித்த ஷிபு, ஊர் பைத்தியம் என்று ஒதுக்கிய ஆள். காலமெல்லாம் காதலித்த உஷாவின் மகளுக்கு வைத்தியம் பார்க்கப் பணம் வேண்டித்தான் சக்தியைத் தப்பான வழியில் திருப்புகிறான். டொவினோ தாமஸின் ஜெய்சனைவிட அவன்மேல்தான் நமக்கு இரக்கம் அதிகம். அடிப்பவனும் அடி வாங்குபவனும் வேண்டியவர்களாகிவிட்டால், கிராபிக்ஸ் எளிமையாக இருந்தாலும் காட்சி நிற்கும்.

தொடர் படங்களில் ஹீரோ கற்ற பாடத்தை அடுத்த படத்தில் மறந்துவிடுகிறாரே?

அடுத்த படத்துக்கும் அதே பொம்மைகள் வேண்டுமே! ‘அயர்ன் மேன் 3’ (2013) முடிவில் டோனி எல்லாக் கவசங்களையும் வெடித்துச் சிதறவிடுகிறார். 2015இல் ‘ஏஜ் ஆஃப் அல்ட்ரான்’ தொடங்கும்போது மறுபடி கவசம். ‘ரக்னராக்’ (2017) படத்தில் தோருக்குக் கண் போகிறது. அடுத்த ஆண்டே ‘இன்ஃபினிட்டி வார்’ படத்தில் ராக்கெட் என்ற பேசும் ரக்கூன் ஒரு கண்ணைக் கொடுத்துவிடுகிறது.

இதைவிடக் கோபம் வரவேண்டியது, மாற்றம் திரைக்கு வெளியே நடந்துவிடுவது. ‘இன்ஃபினிட்டி வார்’ தொடக்கத்தில் தானோஸிடம் அடி வாங்கிய பிறகு ஹல்க் வெளியே வர மறுக்கிறான். இனி என்ன ஆகும் என்று காத்திருந்தால், ‘எண்ட்கேம்’ (2019) படத்தில் ஐந்து ஆண்டுகள் தாண்டிப் போய், ஹல்க்கும் அவனுடைய மனித உருவான பேனரும் ஒன்றாகிவிட்ட கதையை பேனர் சாப்பாட்டு மேசையில் வாயால் சொல்லி முடிக்கிறார். ஒரு முழுப் படத்துக்கான வளர்ச்சி அது.

அனிமேஷனில் இந்த ஒப்பீடு வேறுபடுமா?

அங்கே பிரமாண்டத்தையே பாத்திரமாக்கலாம். ‘ஸ்பைடர்மேன்: இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்’ (2018) விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் படம். காட்டில் மைல்ஸ் வலையில் ஆடப் பழகும்போது அவனுக்கு இரண்டு ஃபிரேமுக்கு ஒரு நிலை, அதாவது விநாடிக்கு 12. பக்கத்தில் பறக்கும் பழுத்த ஸ்பைடர்மேனுக்கு 24. பையன் வெட்டி வெட்டி அசைகிறான், பெரியவர் வழுக்கிக்கொண்டு போகிறார். பின்னால் திறமை கைவந்ததும் மைல்ஸின் அசைவும் வழவழப்பாகிறது. கட்டடத்திலிருந்து குதிக்கும் புகழ்பெற்ற காட்சியில் விரல்கள் இன்னும் கண்ணாடியை விடவில்லை. கண்ணாடி நொறுங்கிக் கையோடு வருகிறது. பயம் போகாமலேயே குதிக்கிறான் என்று காட்ட அந்தக் கண்ணாடிச் சில்லுகள் போதும்.

‘தி இன்கிரெடிபிள்ஸ்’ (2004) படத்தில் சக்திகளே குணங்கள். கூச்சப்படும் வயலெட்டுக்கு மறையும் சக்தி. விமானத்தில் அம்மா அவசரப்படுத்தும்போது அவளால் பாதுகாப்பு வளையம் போட முடிவதில்லை. பிறகு காட்டில் தம்பிக்குக் குண்டு படப்போகும் நேரத்தில் தானாகவே போடுகிறாள்.

பிரமாண்டம் இல்லாமலே எடுக்க முடியுமா?

முடியும். ‘அன்பிரேக்கபிள்’ (2000) படத்தில் பெரிய காட்சி என்பது வீட்டில் ஒருவர் எடை தூக்குவதுதான். மகன் ஒவ்வொரு சுற்றுக்கும் எடை ஏற்றுகிறான், எடைகள் தீர்ந்ததும் பெயின்ட் டப்பாக்களைத் தொங்கவிடுகிறான். ‘ஜோக்கர்’ (2019) வானளாவிய சண்டை ஏதுமில்லாமல் உலக அளவில் 100 கோடி டாலரைத் தாண்டி வசூலித்தது.

வெறும் பிரமாண்டத்துக்காக ஒரு காட்சி இருந்தால் குற்றமா?

குற்றமில்லை, ரசிக்கத்தான் டிக்கெட் வாங்குகிறோம். ஆனால் அப்படித் தெரிகிற சில காட்சிகளும் ஆளைச் சொல்லிவிடும். ‘எக்ஸ்மென்: டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ (2014) சமையலறைக் காட்சியில் எல்லோரும் உறைந்து நிற்க, குவிக்சில்வர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரில் ஓடுகிறான். பறக்கும் குண்டுகளை விரலால் தள்ளிவிடுகிறான், நடுவே தெறிக்கும் சூப்பைத் தொட்டு ருசி பார்க்கிறான், காவலர்களைச் சீண்டிவிட்டுப் போகிறான். உலகமே மெதுவாக நகர்ந்தால் போரடிக்கும் ஒரு பையன் என்ன செய்வானோ அதெல்லாம் செய்கிறான். வசனத்தில் பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

விமர்சனம் எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

‘எமோஷனல் கனெக்ட் இல்லை’ என்று எழுதிவிட்டு நிறுத்துவதில். எந்தக் காட்சியில், யாருடைய எந்த முடிவு நம்பும்படி இல்லை என்று சொல்லாவிட்டால் அது கருத்தே ஆகாது. ‘கிராபிக்ஸ் மோசம்’ என்பதும் அப்படித்தான். உருவத்துக்கு எடை இல்லையா, வெளிச்சம் பின்னணியோடு ஒட்டவில்லையா, முகத்தில் உயிர் இல்லையா, கேமரா நிஜத்தில் போக முடியாத இடத்தில் பறக்கிறதா? நான்கும் வெவ்வேறு கோளாறுகள். இருட்டான, சீரியஸான படத்துக்கு ஆழம் அதிகம் என்று நினைப்பதும் பரவலான சறுக்கல்; சிரிக்க வைக்கும் படத்திலும் பாத்திரம் வளரும்.

குறைந்த செலவில் சூப்பர்ஹீரோ குறும்படம் எடுக்கிறோம். எதற்கு முதலிடம்?

பத்து நிமிடப் படத்துக்கு ஒரு சக்தி, அதற்கு ஒரு கட்டுப்பாடு, பயன்படுத்தினால் ஒரு இழப்பு. இந்த மூன்றையும் எழுதி முடித்த பிறகு எஃபெக்ட் ஷாட்களை எண்ணுங்கள். ஐந்தாறுக்கு மேல் போனால் குறையுங்கள். சக்தி வெளிப்படும் நொடியைவிட அதைப் பார்க்கிறவர் முகத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். முகத்துக்குச் செலவு இல்லை.

ஒரு பொருள் தானாக நகர்வதை எடுக்க, கேமராவை ட்ரைபாடில் பூட்டுங்கள். ஃபோகஸ், எக்ஸ்போஷர், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் மேனுவலுக்கு மாற்றுங்கள். பொருளை மெல்லிய தூண்டில் நரம்பில் இழுத்து ஒரு முறை எடுத்துவிட்டு, கேமராவைத் தொடாமல், ஆளும் பொருளும் இல்லாத காலி ஃபிரேமைப் பத்து விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கில் நரம்பு தெரியும் இடத்தை இந்தக் காலி ஃபிரேமால் மூடிவிடலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: காலி ஃபிரேம் எடுக்க மறப்பார்கள், அல்லது ஆட்டோ எக்ஸ்போஷரை விட்டுவைத்து இரண்டு ஷாட்டும் வெவ்வேறு வெளிச்சத்தில் வந்து நிற்கும். பொருளின் நிழலையும் கவனியுங்கள். நிழல் விழும் இடத்தை மூடினால் பொருள் மிதப்பது போலாகிவிடும். விளக்குகள் மினுக்கினால் அந்த இடத்து மின்சாரத்துக்கு ஏற்றபடி ஷட்டரை 1/50 அல்லது 1/60 என்று வைத்துப் பாருங்கள்.

எடிட் முடிந்ததும் எஃபெக்ட் ஷாட்கள் எல்லாவற்றையும் கறுப்புத் திரையாக மாற்றி, கதை தெரியாத ஒருவருக்கு ஓட்டிக் காட்டுங்கள். கடைசியில் அந்த ஆள் ஏன் அப்படிச் செய்தான் என்று கேளுங்கள். பதில் வந்தால் எஃபெக்ட்ஸ் வேலையைத் தொடங்கலாம். வராவிட்டால் எழுத்து மேசைக்குத் திரும்புங்கள். ரெண்டர் போட்ட பிறகு திரும்புவதைவிட இது மலிவு.